10ஆம் திகதிக்குப் பிந்திய மேடைகள்

மலையகத்தில் ஓர் இசைக்குழு தன் பயணத்துக்கான திகதிகளைக் குறிக்கத் தொடங்கும்போது பஞ்சாங்கத்துக்கு முன்பாகப் பார்க்க வேண்டியது தோட்டங்களின் சம்பள நாளை. தேயிலைத் தோட்டத்தில் மாதச் சம்பளம் 10ஆம் திகதி கைக்கு வருகிறது. கோயில் வரியும் திருவிழாவுக்கான குடும்பப் பங்கும் அதிலிருந்துதான் பிரியும் என்பதால், தேர்த் திருவிழாவுக்கு இசைநிகழ்ச்சி வைக்க விரும்பும் ஆலய பரிபாலன சபையினர் பெரும்பாலும் அதற்கு அடுத்துவரும் வார இறுதியையே கேட்பார்கள். நாட்சம்பளம் 1,000 ரூபாயாக உயர்வதற்கே 2021ஆம் ஆண்டு வரை போராட வேண்டியிருந்த மக்கள் தங்கள் பங்கைக் கொடுத்து எங்களை அழைக்கிறார்கள் என்பதை எங்கள் குழுவில் எவரும் மறப்பதில்லை. கொழும்பு மண்டபங்களில் நுழைவுச்சீட்டு விற்று நடத்தும் நிகழ்ச்சியோடு இதை ஒப்பிட்டு, "தோட்டத்துக் கச்சேரிதானே" என்று இளக்காரமாகப் பேசும் இசைக்கலைஞர்களைச் சந்திக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அவர்களில் பலர் அந்த மேடையில் ஒரு மணிநேரம் தாக்குப்பிடிக்க மாட்டார்கள்.

எங்களுடையது அட்டனைச் சேர்ந்த சிறிய குழு. கீபோர்ட், இரண்டு கிட்டார், ட்ரம்ஸ், பாடுவதற்கு ஓர் அக்காவும் ஒரு தம்பியும், எல்லோரையும் பெட்டிகளோடு சேர்த்து ஏற்றிச் செல்ல ஒரு பழைய டொல்பின் வேன். பேஸ் கிட்டார் என் கையில். இந்த முறை பொகவந்தலாவையில் தொடங்கி, தலவாக்கலை, லிந்துலை வழியாக அக்கரபத்தனைக்குச் சென்று, பிறகு நானுஓயா, நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை என்று ஊவாவுக்குள் இறங்கிப் பசறைப் பக்கத்தில் பயணத்தை முடித்தோம்.

வரைபடத்தில் இந்தத் தூரம் பெரிதாகத் தெரியாது. பிரதான வீதி கார்ப்பட் போட்டு ஒழுங்காக இருக்கிறது. ஆனால் அதிலிருந்து பிரிந்து தோட்டத்துக்குள் ஏறும் கடைசிச் சில கிலோமீற்றர்கள்தான் பயணத்தின் பாதி நேரத்தைத் தின்கின்றன. மழையில் மண் கரைந்து கருங்கல் மட்டும் எஞ்சிய அந்தப் பாதையில் வேன் ஏறும்போது ஸ்பீக்கர் பெட்டிகளை மடியில் பிடித்துக்கொள்ளாத குறைதான். சில வளைவுகளில் இறங்கித் தள்ளியிருக்கிறோம். ஒரு தோட்டத்தில் பெட்டிகளைக் கொழுந்து லொறியில் மாற்றி ஏற்றினார்கள். நானுஓயாவிலிருந்து இறங்கும் ரதல்லைக் குறுக்குப் பாதையை, நேரம் மிச்சமாகும் என்று யார் சொன்னாலும், எங்கள் சாரதி அண்ணன் இரவில் தொடுவதே இல்லை. 2023 ஜனவரியில் பஸ்ஸும் வேனும் முச்சக்கரவண்டியும் மோதி உயிர்கள் போன சரிவு அது.

தோட்டத்துக்கு மின்சாரம் வந்துவிட்டது என்பதும், மேடைக்கு அந்த மின்சாரம் போதும் என்பதும் முற்றிலும் வேறான இரண்டு விடயங்கள். ட்ரான்ஸ்போமர் தொழிற்சாலைக்கு அருகில் இருக்கும். கோயில் இரண்டு மலை தள்ளி இருக்கும். நடுவில் நீண்டு மெலிந்த ஒரு கம்பி. சாதாரண நாளில் அது லயங்களின், அதாவது தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளின், பல்புகளுக்குப் போதுமானது. திருவிழா இரவில் அதே கம்பியில் சீரியல் பல்புகளும், கோபுர விளக்குகளும், கடைகளும், எங்கள் ஆம்ப்லிபயர்களும் சேரும்போது, 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் மீற்றர் 180க்கும் கீழே காட்டும். ட்ரம்ஸ் தம்பி பேஸ் ட்ரம்மை ஓங்கி மிதிக்கும் ஒவ்வொரு முறையும் மேடை விளக்குகள் மங்குவதைக் கூட்டம் ஓர் ஒளி அலங்காரம் என்றே நினைத்துக் கைதட்டும். ஆனால் கீபோர்டுக்கு அது விளையாட்டல்ல; மின்னழுத்தம் ஒரு நொடி விழுந்தாலும் கருவி அணைந்து மீண்டும் எழும், பாட்டின் நடுவே கீபோர்ட் மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அதனால் இப்போது கீபோர்டையும் மிக்சரையும் எங்கள் சிறிய ஜெனரேட்டரில் ஓட்டுகிறோம்; ஆம்ப்லிபயர்கள் மட்டும் தோட்டத்து லைனில். இப்படி இரண்டு இடத்து மின்சாரத்தைக் கலக்கும்போது எர்த் கம்பிகள் வழியே ஓர் உறுமல் புகுந்துகொள்ளும். அந்த உறுமலைப் போக்க எர்த் முனையையே கழற்றிவிடும் பழக்கம் நம் ஒலியமைப்பாளர்கள் சிலரிடம் இருக்கிறது. ஈரமான மேடையில், ஒரு கையில் கிட்டார் கம்பியும் உதட்டருகே மைக்குமாக நிற்பவனுக்கு அது உயிராபத்து. உறுமலைத் தாங்கிக்கொள்ளலாம். அல்லது மிக்சருக்கும் ஆம்ப்லிபயருக்கும் இடையில் ஒரு தனிமைப்படுத்தும் ட்ரான்ஸ்போமரைப் போடலாம், அதன் விலை ஒரு மைக்கின் விலைக்கு மேல் போகாது. 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டில், வேனுக்கு டீசலும் ஜெனரேட்டருக்குப் பெட்ரோலும் என்று இரண்டு வரிசைகளில் நிற்க வேண்டியிருந்த காலத்தில், இந்தப் பயணங்கள் இனி நடக்கப் போவதில்லை என்றே நான் எண்ணியிருந்தேன்.

குளிர் இன்னொரு தொல்லை. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவையும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களையும் இரவில் பனி மூடும்போது, கிட்டார் கம்பி சுருங்கிச் சுருதி ஏறிவிடும். நாங்கள் சரிசெய்து முடித்ததும் மேடை விளக்குகளின் சூட்டில் அதே கம்பி தளர்ந்து சுருதி இறங்கும். எனவே மேடைக்கு வெளியே சுருதி சேர்ப்பதை விட்டுவிட்டோம். விளக்குகளைப் போட்டுக் கருவிகளைக் கால் மணிநேரம் அங்கேயே வைத்த பிறகுதான் கம்பியைத் தொடுகிறோம். கூட்டம் பொறுமையிழந்து விசிலடித்தால், பாடகி அக்கா இரண்டு வார்த்தை பேசிச் சமாளிப்பார்.

அதைவிட வினோதமானது எதிரொலி. தோட்டத்துக் கோயில்கள் பெரும்பாலும் சரிவில் வெட்டியெடுத்த சமதரையில் இருக்கும், நேரெதிரே இன்னொரு மலை. ஒலி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும் என்பதால், அந்த மலை 170 மீற்றர் தொலைவில் இருந்தால் நாம் எழுப்பிய ஓசை சரியாக ஒரு விநாடி கழித்துத் திரும்பி வந்து நம் காதில் விழும். பொகவந்தலாவைப் பக்கத்து மேடையொன்றில் நடந்தது அதுதான்: எதிர்மலையிலிருந்து திரும்பிய தாளத்தைத் தன்னுடைய தாளம் என்று நம்பி ட்ரம்ஸ் தம்பி வேகத்தைக் குறைக்க, பாடகர் அவனைப் பார்த்துக் குறைக்க, அதிரடிப் பாட்டொன்று தாலாட்டாகிவிடும் நிலைக்கு வந்துவிட்டது. அதற்கு மருந்து ஸ்பீக்கர்களைத் திருப்புவதில் இருக்கிறது. மேடைக்கு இரு பக்கமும் உயரத்தில் கட்டி எதிர்மலையைப் பார்க்க வைப்பது திருவிழா வழக்கம். அவற்றைத் தாழ்த்தி, கூட்டத்தின் தலைகளை நோக்கிச் சாய்த்தால் மலைக்குப் போகும் ஒலி பெருமளவு குறையும். ஆனால் சபையினருக்கு இதில் உடன்பாடு இருக்காது. பக்கத்துத் தோட்டத்துக்குக் கேட்காவிட்டால் அது என்ன திருவிழா என்பார்கள், அதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. 2007ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் இரவு 10 மணிக்குப் பின் ஒலிபெருக்கிகளுக்குக் கட்டுப்பாடு விதித்த பிறகு, பொலிஸ் அனுமதிப் பத்திரத்தில் எழுதியிருக்கும் நேரமே நிகழ்ச்சியின் நீளத்தைத் தீர்மானிக்கிறது.

பாட்டுத் தெரிவு பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. முதலில் அம்மன் பாட்டு, பிறகு கண்டியில் பிறந்த எம்.ஜி.ஆரின் படப் பாடல்கள் (அவை இல்லாமல் பெரியவர்கள் விடமாட்டார்கள்), பிறகு இளைஞர்களுக்கான புதிய பாட்டுகள், அக்கம்பக்கத்துச் சிங்கள நண்பர்களுக்காகச் சில பைலாக்கள். இந்த வரிசை எங்கும் மாறுவதில்லை.

பாடகி அக்கா உடை மாற்றவும் கழிப்பறைக்குப் போகவும் ஓர் இடம் வேண்டும் என்பதை நாங்கள் தொலைபேசியிலேயே சொல்லிவிடுகிறோம். சபையில் இருக்கும் ஆண்களுக்கு இது நினைவில் நிற்பதில்லை; அவர்கள் வீட்டுப் பெண்களிடம் ஒரு சொல் சொன்னால் போதும், உடனே நடக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா ஒன்றில் ஒரு குடும்பமே வாழும் லயத்தில், அந்தக் குடும்பம் வெளியே வந்து இடம் கொடுத்து, சுடச்சுட ரொட்டியும் கட்டச்சம்பலும் தேத்தண்ணியும் வைத்த இரவுகள் பல.

தோட்டம் தோட்டமாகப் பாட்டை எடுத்துச் செல்வது எங்களோடு தொடங்கியதல்ல. 1931ஆம் ஆண்டு அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய கோ. நடேசய்யரும் அவருடைய துணைவியார் மீனாட்சியம்மையாரும், அந்நியர் தோட்டத்துக்குள் நுழைவதே குற்றமாகக் கருதப்பட்ட நாட்களில் பாட்டைத்தான் தங்கள் பிரசாரக் கருவியாகக் கொண்டார்கள். தொழிலாளரின் துயரை மீனாட்சியம்மையார் தாமே பாடல்களாக எழுதிப் பாடினார். அவர்களுக்கு மைக்கும் இல்லை, ஜெனரேட்டரும் இல்லை. எங்கள் சிரமங்களை நான் இவ்வளவு விரிவாக எழுதுவதைப் படித்தால் அந்த அம்மையார் சிரித்திருப்பார்.

அதற்கும் முன்பிருந்தே மலையில் இருப்பது தப்பு என்னும் தோற்பறை. விடிகாலையில் ஆட்களைப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கூட்டும் அணிவகுப்புக்கு) எழுப்பியதும், மாசியில் காமன் கூத்தை ஆட வைப்பதும், சாமியை அழைப்பதும், இறந்தவரை வழியனுப்புவதும் அதுதான். அக்கரபத்தனையில் நாங்கள் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தபோது, மேடைக்குப் பின்னால் சருகு கூட்டித் தீ மூட்டித் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பனியில் தோல் தொய்ந்துவிடும். சூடு காட்டினால்தான் இறுகி ஓசை எழும். எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே பிரச்சினை, அவர்களிடம் அதற்கான தீர்வு எங்களுக்கு முன்பே இருந்தது. அவர்களில் மூத்தவர் ஒருவர் கீபோர்ட் மாஸ்டரிடம் வந்தார். "ஒரு பாட்டுக்கு எங்களையும் அடிக்க விடுங்க மாஸ்டர். சாமி ஊர்வலத்தோட எங்கள அனுப்பிச்சிடுறாங்க, மேடைப் பக்கமே விடுறதில்ல" என்றார்.

அவர்களை மேடையில் ஏற்றினோம். தப்புக்காரர்களோடு சேர்ந்து வாசிப்பது எளிதல்ல. அவர்களுடைய நடை போகப்போக வேகமெடுக்கும், அந்த ஏற்றத்தில்தான் அதன் உயிரே இருக்கிறது. ட்ரம்ஸ் தம்பி அவர்களை இழுத்துப் பிடிக்க முயலாமல் பின்தொடர்ந்தான். நான் ஒரே சுரத்தில் நின்றுகொண்டேன், கீபோர்ட் மாஸ்டர் வெறுமனே இடைவெளிகளை நிரப்பினார். மைக்கை ஓரிரு அடி தள்ளி வைத்தால்தான் மெல்லிய நீளக் குச்சியின் சடசடப்பும் தடித்த குட்டைக் குச்சியின் அதிர்வும் தனித்தனியே கேட்கும். நெருக்கி வைத்தால் எல்லாம் ஒரே இரைச்சலாகிவிடும். அன்றிரவு கூட்டம் எழுந்து ஆடியதைப் போல எங்கள் புதிய பாட்டு எதற்கும் ஆடியதில்லை.

தப்புக்காரர்களைச் சாமிக்கும் சாவுக்கும் அழைத்துவிட்டு மேடையிலிருந்து ஒதுக்கி வைப்பதற்குக் காரணம் இசை சம்பந்தப்பட்டதல்ல, சாதி. அதை எழுதத் தயங்குவதில் பொருளில்லை. அவர்களுடைய பிள்ளைகள் தப்பைத் தொடவே மறுப்பதற்கும் அந்த அவமானமே பெரிய காரணம்.

அக்கரபத்தனைக்குப் பிறகு, அடுத்தடுத்த தோட்டங்களிலும் உள்ளூர்த் தப்புக்காரர்களை ஒரு பகுதிக்கு மேடையேற்றும்படி கேட்டோம். பண்டாரவளைப் பக்கத்தில் உடனே சம்மதித்தார்கள். பசறைப் பக்கத்தில் சபையிலேயே வாக்குவாதம் ஏற்பட்டது. "அவங்களுக்குத் துண்டும் தேங்காயும் குடுத்தாப் போதும் தம்பி, காசு எதுக்கு?" என்றார் ஒருவர். எங்கள் தொகையிலிருந்து எங்கள் பாடகருக்குக் கொடுப்பதற்குச் சமமான பங்கை ஒவ்வொருவருக்கும் கொடுத்தோம். இனி அதை முன்பணம் வாங்கும் ஒப்பந்தத் தாளிலேயே எழுதுவது என்று குழுவில் முடிவாகியிருக்கிறது. சபைகள் வேறு குழுவைத் தேடிப் போய்விடும் என்று கீபோர்ட் மாஸ்டர் இன்னும் முணுமுணுக்கிறார். ஏற்கெனவே ஒரு சபை அப்படிப் போயும் விட்டது. மற்ற இரண்டு சபைகள் தாளில் கையெழுத்திட்டு முன்பணம் அனுப்பியிருக்கின்றன.