தங்கத்தேர் ஓடின வருஷங்கள்

எங்கள் அம்மாவுக்கு எந்த விசேஷமும் வருஷக் கணக்கில் நினைவிருக்காது. பனிமய மாதாவின் தங்கத்தேரை வைத்துத்தான் சொல்லுவாள். 1964 தேரை அவள் தாத்தாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தாள். 1977 தேர் ஓடியபோது கல்யாணமாகி வந்த புதிது. 1982 தேருக்கு அண்ணன் இடுப்பில். கோயில், போப்பாண்டவர் தரும் பசிலிக்கா என்ற தகுதியைப் பெற்றதும் அந்த வருஷம்தான். 1987 தேருக்கு நான் வயிற்றில். 2013 தேருக்கு முழங்கால் வலியோடு தெருமுனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்த தேர் ஓட 2023 ஆகிவிட்டது. அம்மா அதற்கு முந்தைய தவக்காலத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும். தூத்துக்குடி மாதா கோயிலில் ஆண்டுதோறும் ஜூலை 26 அன்று கொடியேறி, ஆகஸ்ட் 5 அன்று திருவிழா நடக்கும். அன்று மாதா சப்பரத்தில்தான் பவனி வருவாள். தங்கத்தேர் எப்போதாவதுதான் ஓடும். முதல் தேர் 1806ல். 2023ல் ஓடியது பதினாறாவது. ஐந்து வருஷத்தில் வந்தாலும் வரும், பத்து வருஷம் இழுத்தாலும் இழுக்கும். ஒரு ஆயுளில் ஏழெட்டுத் தேர் பார்ப்பதே பெரிய கொடுப்பினை.

அந்த 2023 தேருக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸில் போய் இறங்கியபோதே வெயில் ஆரம்பித்திருந்தது. ரோமாபுரியில் ஒரு ஆகஸ்ட் மாத ராத்திரி குன்றின்மேல் பனி பெய்து, அந்த இடத்தில் கோயில் எழும்பியது என்பது கதை. அந்த மாதாவுக்கு இந்த உப்புக்காற்று ஊரில் திருவிழா. எல்லோர் முதுகும் நனைந்திருந்தது. அதைப் பற்றிக் குறைசொன்ன ஒரு ஆளையும் நான் பார்க்கவில்லை.

திருவிழாவுக்கு முந்தின நாள் மாலையே கோயிலுக்குப் போனேன். பீடத்தில் இருக்கும் சுரூபம் 1555ல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்ததாகச் சொல்லுவார்கள். பெரியவர்கள் இன்னமும் போர்த்துக்கீசியப் பெயரில் தஸ்நேவிஸ் மாதா என்பார்கள். 1707ல் இங்கே குருவாக இருந்த மான்சி சுவாமியின் காலடியில் இடி விழுந்தும் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, அதற்குப் பிறகுதான் இப்போதைய கோயிலைக் கட்டி 1713ல் மந்திரித்துப் புனிதப்படுத்தினார்கள் என்ற வரலாற்றை நான் புத்தகத்தில் படித்ததில்லை. மழைக்கால ராத்திரிகளில் இடி இடித்தால் அம்மா எங்களைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னதுதான்.

அவள் முழங்காலிடும் இடம் எனக்குத் தெரியும். முன்வரிசை கிடையாது, பக்கவாசலை ஒட்டி. பக்தியில் குறைச்சல் என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன். பூசை முடிந்து கடைசி ஆசீர் வாங்கியதும், கூட்டம் எழுந்திருக்குமுன் வெளியேறி அடுப்படிக்குப் போய்விடலாம் என்பதுதான் கணக்கு.

அடுப்படியில்தான் அவளுடைய செபம் பாதி நடந்தது. உப்புஜாடிக்கு மேலே ஒரு ஆணியில் செபமாலை தொங்கும். மரமணிகள் எண்ணெய்க் கையில் உருண்டு உருண்டு கறுத்திருந்தன. ஒருமுறை அறுந்துபோனதை அப்பா மீன்பிடிக்க வைத்திருந்த தங்கூசி நரம்பில் கோத்துக் கட்டியிருந்தாள். அந்த இடத்தில் மட்டும் இரண்டு மணிகள் நெருங்காமல் விலகி நிற்கும். இட்லிக் கொப்பரையை மூடிவிட்டு, தந்தை, மகன், தூய ஆவி என்று தொடங்குவாள். மாலையில் பத்துப் பத்து மணியாக ஐந்து பத்து. மூன்று பத்து முடிந்தால் இட்லி வெந்திருக்கும். எங்கள் வீட்டில் கடிகாரம் பார்த்து இட்லி இறக்கியதில்லை. நடுவில் பால்காரர் வந்தால் மணியைக் கட்டைவிரலால் பிடித்தபடியே பேசி, காசு கொடுத்து அனுப்பிவிட்டு, விட்ட மணியிலிருந்து தொடருவாள்.

திருவிழா என்றால் மணப்பாட்டிலிருந்தும் உவரியிலிருந்தும் உறவுகள் வந்து இறங்கிவிடும். நடையில் பாய், மொட்டைமாடியில் பாய். ஆட்டுக்கறிக் குழம்பு பெரிய தேக்சாவில் கொதிக்கும். "நாளைக்காவது பெரிய பூசைக்கு முழுசா இரேம்மா" என்று ஒரு வருஷம் கேட்டேன். "ஏட்டி, மாதாவுக்குப் பசிக்காது, வந்தவங்களுக்குப் பசிக்கும்" என்று சொல்லிவிட்டு வெங்காயத்தை என் பக்கம் தள்ளினாள். தேர் வரும் சத்தம் கேட்டதும் அடுப்பை அணைத்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தெருமுனைக்கு ஓடுவாள். தேர் கடந்துபோனதும் திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைப்பாள். அவள் தேர் பார்த்தது அவ்வளவுதான்.

2023ல் நான் முழுதாகப் பார்த்தேன். ஆகஸ்ட் 5 காலைத் திருப்பலி முடிந்து தேர் நகர்ந்தபோது "மரியே வாழ்க" என்று எழுந்த சத்தத்தில் பக்கத்தில் நின்ற அத்தை சொன்னது ஒன்றும் காதில் விழவில்லை. தேர்வடம் என் கைக்கு எட்டியது. சில அடி தூரம்தான், அதற்குள் கூட்டம் தள்ளிவிட்டது. முரட்டு வடம், உள்ளங்கை எரிந்தது. பொன்தகடு வெயிலில் ஜொலித்தது உண்மை. ஆனால் எனக்கு முன்னால் நூற்றுக்கணக்கான செல்போன்கள் உயர்ந்து நின்றதால் பாதித்தேரைச் சின்னச் சின்னத் திரைகளில்தான் பார்க்கவேண்டியிருந்தது. அம்மா இருந்திருந்தால் இரண்டு பேரையாவது கையை இறக்கச் சொல்லியிருப்பாள்.

தெருமுனையில் அவள் நாற்காலி போட்ட இடத்தில் வேறொரு வீட்டுப் பாட்டி உட்கார்ந்திருந்தார். நான் அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன். மாதா கடந்துபோகும்போது பாட்டி கும்பிட்ட கையை இறக்காமலேயே, "யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டார். சொன்னேன். "ஆ, கறிக்குழம்புக்காரி மகளா!" என்றார்.

அம்மாவுக்கு ஒரு ஆத்தும பூசை எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். நடையில் பாய்கள் விரித்தபடிதான் இருந்தன. செபமாலையை யார் வைத்துக்கொள்வது என்று அடக்கத்தன்று எனக்கும் தங்கைக்கும் சின்ன மனஸ்தாபம் வந்தது. அப்பாதான் அது அடுப்படிக்கு உரியது என்று தீர்த்துவைத்தார். அப்புறம் மதினிதான் அதை உருட்டுகிறாள். அன்று ராத்திரி விருந்தாளிகளுக்கு இட்லி ஊற்றி மூடிவிட்டு மணியைக் கையில் எடுத்தாள். அவள் வேகமாகச் செபம் சொல்லுகிறவள். மூன்று பத்தில் வேகவில்லையாம், ஐந்தும் முடித்துத்தான் இறக்குகிறாளாம்.