மழை நாளில் மட்டும் மிஸ்ஸிங்: 1998 செவ்ரலே கே1500, 5.7 லிட்டர் வோர்டெக்

வண்டி 1998 செவ்ரலே கே1500 பிக்கப். வோர்டெக் 5700 என்ற 5.7 லிட்டர் வி8, ஆட்டோமேட்டிக் கியர். ஐடிலிங் சுத்தமாக இருக்கிறது, காய்ந்த சாலையிலும் குறை தெரிவதில்லை. மழை பெய்த காலையில், 50 மைல் வேகத்தில் ஓவர்டிரைவில் ஏற்றம் ஏறும்போதுதான் இன்ஜின் உதறுகிறது. செக் இன்ஜின் விளக்கு சிமிட்டுகிறது. ஆக்சிலரேட்டரைத் தளர்த்தினால் அடங்கிவிடுகிறது. கம்ப்யூட்டரில் பதிவான குறைக் குறியீடு (கோடு) பி0300 மட்டும். அதாவது எந்த சிலிண்டர் என்று குறிப்பாகச் சொல்லாத மிஸ்ஸிங், சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் விட்டுப்போவது.

விளக்கு நிலையாக எரிவதும் சிமிட்டுவதும் ஒன்றல்ல. சிமிட்டினால், எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஸிங் இருக்கிறது என்று பொருள். உடனே காலைத் தளர்த்த வேண்டும்.

வந்து போகும் குறையில் பாகம் மாற்றுவது கடைசி வேலை. முதல் வேலை, குறையை நாம் நினைத்த நேரத்தில் வரவைப்பது. அது கைவந்துவிட்டால் ஒவ்வொரு சோதனைக்கும் தெளிவான விடை கிடைக்கும். வராத நேரத்தில் பாகத்தை மாற்றிவிட்டு, "இப்போது வரவில்லை" என்று சொல்வதில் ஒரு தகவலும் இல்லை.

ஸ்கேனர் சொன்னது

1998 மாடல் வண்டி ஸ்கேனரோடு ஜே1850 விபிடபிள்யூ என்ற முறையில் பேசும். மலிவான ஈஎல்எம்327 கருவி குறைக் கோடையும், கோடு விழுந்த கணத்தின் அளவுகளையும், ஃப்யூயல் ட்ரிம்மையும் (கம்ப்யூட்டர் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) காட்டும். சிலிண்டர்வாரி மிஸ்ஸிங் எண்ணிக்கை வேண்டுமானால் டெக் 2 (செவ்ரலேயின் தாய் நிறுவனமான ஜிஎம்மின் ஸ்கேனர்) அல்லது அதற்கு இணையாக ஜிஎம் வண்டிக்குள் ஆழமாகப் போகும் ஸ்கேனர் தேவை. இந்த வேலையில் அதிகம் உதவியது இந்த எண்ணிக்கைதான்.

எண்ணிக்கை குவிந்தது 3, 6, 5 என்ற மூன்று சிலிண்டர்களில். இந்த இன்ஜினின் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-8-4-3-6-5-7-2. 3-ம் 5-ம் டிரைவர் பக்கம், 6 எதிர்ப்பக்கம். ஒரு பக்கத்து மேனிஃபோல்டு கசிவோ ஒரு பக்கத்து சென்சாரோ இரண்டு பக்கமும் பரவாது. ஆனால் ஃபயரிங் ஆர்டரில் மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரில், ரோட்டர் கேப்புக்குள் (மூடிக்குள்) சுற்றும் வரிசையும் அதுவே. சந்தேகம் கேப் மீது விழுந்தது இதனால்தான்.

5-ம் 7-ம் மட்டும் குவிந்திருந்தால் கதை வேறு. இரண்டும் டிரைவர் பக்கத்தின் பின்கோடியில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை, அடுத்தடுத்து எரிபவை. ஒயர்கள் ஒட்டி இணையாக ஓடினால், 5-க்குப் போகும் ஸ்பார்க் 7-இன் ஒயரிலும் தூண்டப்படும். அப்போது 7 கம்ப்ரெஷனில் பாதி வழியில் இருக்கும். முன்கூட்டியே எரிந்து பிஸ்டனை எதிர்த்து அடிக்கும். இந்த வண்டியில் ஒயர்களை விலக்கிப் பிடிக்கும் கிளிப்புகள் எல்லாம் இருந்தன, இரண்டு ஒயரும் விலகியே ஓடின.

பெட்ரோலைக் கணக்கிலிருந்து நீக்குதல்

இந்த இன்ஜினில் ஃப்யூயல் பிரஷர் குறைவாக இருப்பது அடிக்கடி காணும் குறை. ஆகவே சந்தேகம் கேப் மீது இருந்தாலும் இதை விட்டுவிட முடியாது. கேஜை மாட்டி, சாவி ஆன், இன்ஜின் ஆஃப்: 60 முதல் 66 பிஎஸ்ஐ இருக்க வேண்டும், வந்தது 62. பம்ப் நின்ற பிறகு 10 நிமிடத்தில் 5 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது, இறங்கவில்லை. ஐடிலில் வேக்குவம் ரெகுலேட்டரை இழுப்பதால் சில பிஎஸ்ஐ குறைவது இயல்பு.

நின்ற இடத்தில் நன்றாக இருக்கும் பம்ப் ஏற்றத்தில் தளரலாம். அதனால் ஹோஸ் நீளமான கேஜை பானட் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டி, பார்த்துச் சொல்ல ஒருவரை உட்கார வைத்து ஓட்டினோம். உதறும்போதும் முள் 61-இல் நின்றது. பம்ப்பும் ஃபில்டரும் கணக்கிலிருந்து போயின.

ஃப்யூயல் ட்ரிம் படிப்பதில் ஒரு பொறி உண்டு. ஸ்பார்க் விட்டுப்போன சிலிண்டரிலிருந்து எரியாத ஆக்சிஜன் வெளியே வரும். சென்சார் அதைப் பார்த்துப் பெட்ரோல் குறைவு என்று நினைத்து ட்ரிம்மை ஏற்றும். ஆகவே மிஸ்ஸிங் இல்லாத நேரத்து ட்ரிம்மையே நம்ப வேண்டும். இங்கே இரண்டு பக்கமும் +3 சதவீத அளவில் இருந்தது. ஐடிலில் மட்டும் ஏறியிருந்தால் வேக்குவம் கசிவு, ஏற்றத்தில் மட்டும் ஏறியிருந்தால் பெட்ரோல் பற்றாக்குறை என்று அந்தப் பக்கம் போயிருக்கலாம்.

தண்ணீர் தெளிப்பான்

ஐடிலில் தண்ணீர் தெளித்தால் ஒன்றும் நடக்கவில்லை. காரணம் எளிது. ப்ளக் இடைவெளியைத் தாண்ட வேண்டிய வோல்டேஜ், சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தோடு சேர்ந்து ஏறும். ஐடிலில் அழுத்தம் குறைவு, ஸ்பார்க் சுலபமாகத் தாண்டிவிடும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ப்ளக்கைத் தாண்டுவது கடினமாகும். இன்சுலேஷனில் பலவீனமான வேறு வழி இருந்தால் ஸ்பார்க் அந்த வழியில் போய்விடும். ஈரம் அந்த வழியை இன்னும் சுலபமாக்குகிறது.

எனவே சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கோடு கால் பிரேக்கும் அழுத்தி, டிரைவில் போட்டு, ஒருவர் லேசாக ஆக்சிலரேட்டர் கொடுக்க, பக்கவாட்டில் நின்று தெளித்தோம். வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. ஒரு தடவைக்கு ஐந்து விநாடி போதும், அதற்கு மேல் போனால் கியர்பாக்ஸ் ஆயில் கொதிக்கும். ஒயர்களில் தெளித்தபோது மாற்றமில்லை. கேப்பில் தெளித்தவுடன் உதறல் வந்தது. துடைத்து உலர்த்தியதும் போனது. திரும்பத் தெளித்ததும் வந்தது. குறை கைக்குள் வந்துவிட்டது.

கேப்பைக் கழற்றியதும்

டி20 டார்க்ஸ் ஸ்க்ரூ. அடிப்பகுதி பிளாஸ்டிக், மரை சீக்கிரம் போய்விடும். திரும்பப் போடும்போது 2.4 நியூட்டன் மீட்டர் போதும். உள்ளே மூன்று விஷயங்கள் கண்ணில் பட்டன. 3-க்கும் 6-க்கும் இடையில் பென்சில் கோடு போல ஒரு கரித்தடம். அலுமினிய முனைகளில் வெளுத்த பூஞ்சை மாதிரி துரு. எல்லா முனைகளும் நடுவில் எரியாமல் ஒரே ஓரத்தில் எரிந்திருந்தது.

துருவுக்குக் காரணம் அடித்தட்டில் இருக்கும் சல்லடைத் துளைகள். கேப்புக்குள் ஸ்பார்க் பாயும்போது ஓசோன் உண்டாகும். அந்தக் காற்றும் ஈரமும் வெளியேறத்தான் அந்தத் துளைகள். அவை ஆயில் கலந்த தூசியால் அடைந்திருந்தன. பிரஷ்ஷும் கம்ப்ரெஸ்ஸர் காற்றும் போட்டுத் திறக்காமல் புதுக் கேப் மாட்டினால் அதுவும் இதே கதிக்கு வரும்.

புதிதாகப் போட்டது பித்தளை முனை உள்ள கேப், ரோட்டர், எட்டு ஒயர், எட்டு ப்ளக். ப்ளக் இடைவெளி 0.060 அங்குலம். பழைய ப்ளக்குகளில் இது அகன்றிருந்தது, அகன்ற இடைவெளியும் வோல்டேஜை ஏற்றிக் கேப்பைத் தின்னும். முறுக்கு 15 நியூட்டன் மீட்டர். ஒயர்களை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். பழைய வட்டக் கேப் பழகியவர்கள் ஃபயரிங் ஆர்டரில் சுற்றி எண்ணிப் போடுவார்கள். இந்தக் கேப்பில் அது பொருந்தாது. நாலு நாலாக இரண்டு பக்கமும் பிரித்திருக்கிறது, கேப்பில் அச்சிட்ட எண்ணைப் பார்த்தே மாட்ட வேண்டும். ப்ளக்குகள் வெளியே இருக்கும்போதே கம்ப்ரெஷன் பார்த்தோம்: 155 முதல் 170 பிஎஸ்ஐ. குறைந்தது 100 இருக்க வேண்டும், உச்சத்தின் 70 சதவீதத்துக்குக் கீழே எதுவும் போகக் கூடாது. குறையில்லை.

ஓரத்தில் எரிந்ததற்குக் காரணம்

ஸ்கேனரில் கேம் ரிடார்ட் ஆஃப்செட் (கிராங்க்கோடு ஒப்பிட்டால் டிஸ்ட்ரிபியூட்டர் எவ்வளவு விலகி நிற்கிறது என்ற எண்) 9 டிகிரி தள்ளி இருந்தது. இருக்க வேண்டியது 0, கூடக்குறைய 2. இந்த இன்ஜினில் ஸ்பார்க் நேரத்தைத் தீர்மானிப்பது கிராங்க் சென்சார். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினால் டைமிங் மாறாது, டைமிங் லைட்டில் எதுவும் தெரியாது. மாறுவது ஸ்பார்க் பாயும் கணத்தில் ரோட்டர் எங்கே நிற்கிறது என்பதுதான். முனைக்கு நேராக நிற்காவிட்டால் ஸ்பார்க் கூடுதல் தூரம் தாண்ட வேண்டும், பக்கத்து முனைக்கும் தாவும்.

இன்ஜின் சூடேறிய பிறகு 1000 ஆர்பிஎம்முக்கு மேல் நிறுத்தி, பிடிமான போல்ட்டைத் தளர்த்தி, மெல்லத் திருப்பி 0-க்குக் கொண்டுவந்தோம். ஐடிலில் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். 25 நியூட்டன் மீட்டர் இறுக்கிய பிறகு மறுபடி பார்ப்பது முக்கியம், இறுக்கும்போதே சற்று நகரும். ஆர்பிஎம் நிலையாக இருந்தும் எண் ஆடிக்கொண்டிருந்தால் டைமிங் செயின் தளர்ந்திருக்கும் அல்லது டிஸ்ட்ரிபியூட்டர் கியர் தேய்ந்திருக்கும். இதில் ஆடவில்லை.

எண்ணிக்கைகளை அழித்துவிட்டு, கேப்பை நனைத்து, அதே ஏற்றத்தில் ஓட்டியபோது எட்டு சிலிண்டரிலும் பூஜ்யம்.

அடுத்த வேலை, இன்டேக் மேனிஃபோல்டின் பின்மூலையில் தெரியும் கூலன்ட் கறை. கேஸ்கெட் மாற்றும்போது போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி 3, 12, 15 நியூட்டன் மீட்டர் என்று மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். மேனிஃபோல்டை எடுக்க டிஸ்ட்ரிபியூட்டரையும் எடுத்தாக வேண்டும். கியர் பல் சாய்வாக இருப்பதால் தூக்கும்போதே ரோட்டர் திரும்பும்; தூக்குவதற்கு முன் ஒன்று, தூக்கிய பின் ஒன்று என இரண்டு குறி போட்டுக்கொண்டு, திரும்ப மாட்டியதும் ஆஃப்செட்டை மறுபடியும் 0-க்குக் கொண்டுவர வேண்டும்.