மழைக்கும் சம்பளம்

2024 ஓகஸ்ட் 5, திங்கள், மல்லாவி

இன்றைக்கும் என் கணவரால் கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை. முள்ளந்தண்டில் தட்டு விலகி நரம்பை அழுத்துகிறதாம். ஆறு மாதத்துக்கு மண் வெட்டுகிற பெக்கோ மெசினில் ஏறவே கூடாது என்று வைத்தியர் அறுதியாகச் சொல்லிவிட்டார். ஐந்து வருசமாக அந்த இருக்கையில் இருந்து குலுங்கிய உடம்பு.

மெசின் வளவில் நிற்கிறது. மழைக்கு முன்னம் வாய்க்கால் துப்புரவாக்கித் தரச் சொல்லிக் கமக்காரர் அமைப்புக்காரர் இரண்டு பேர் காலமை வந்து போனார்கள். ஓகஸ்ட், செப்ரெம்பர், ஒக்ரோபரில் பாதி: வன்னியில் மண் வேலைக்கு இதுதான் காலம். மழை பிடித்தால் தை மாதம் வரைக்கும் சேறுதான். லீசிங் காசு மாதம் 96,000. அது மழைக்கு நிற்காது.

எங்களிடம் வேலைக்கு ஆள் என்று இதுவரை ஒருவரும் இருந்ததில்லை. இவர் ஓட்டுவார், நான் கொப்பி எழுதுவேன், காசு கேட்டுப் போவேன். 2013 இல் ஒரு பழைய கொங்கிறீட் மிக்சரோடு தொடங்கினோம். இந்திய வீட்டுத்திட்டம் ஊருக்குள் வந்த நேரம் அது. ஐந்தரை இலட்சம் ரூபாவைக் கட்டம் கட்டமாகக் கொடுத்து, வீட்டுக்காரரையே கட்டச் சொன்ன திட்டம். ஒவ்வொரு வளவிலும் அத்திவாரம் போய்க்கொண்டிருந்தது. மிக்சர் ஒரு நாளும் வீட்டில் நின்றதில்லை. அந்த வாடகைக் காசில் இன்னொரு மிக்சர், பிறகு ஒரு வைப்ரேட்டர், தண்ணிப் பம், 2019 இல் லீசிங்கில் இந்தப் பழைய ஜேசிபி பெக்கோ. மிக்சரை லான்ட் மாஸ்டர் உழவு இயந்திரத்தில் கொழுவி இழுத்துக்கொண்டு போய்ப் பின்னேரம் கொண்டு வந்து விடுவார்கள். பெக்கோவை அப்படிக் கொடுக்கேலாது. ஆளோடுதான் போக வேண்டும்.

ஓகஸ்ட் 9, வெள்ளி

ஒப்பரேட்டர் வேலைக்கு மூன்று பேர் வந்தார்கள். முதலாவது ஆளிடம் பெக்கோ ஓட்டத் தேவையான ‘ஜே’ வகுப்பு லைசென்ஸ் இல்லை, உழவு இயந்திர லைசென்ஸ் மட்டும்தான். இரண்டாவது பொடியன் நல்ல கெட்டிக்காரன், ஆனால் பக்கெட்டைத் தூக்கியபடியே விட்டுவிட்டு இறங்கினான். நிறுத்தின மெசினில் பக்கெட் நிலத்தில் இருக்க வேணும் என்பது இவர் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். அந்தரத்தில் தொங்கினால் ஒரு ஹோஸ் வெடித்தாலும் கீழே நிற்கிறவர் தப்பமாட்டார்.

மூன்றாவதாக வந்தவர் ஒட்டுசுட்டான் பக்கம். 46 வயசு. இருபது வருசத்துக்கு மேல் ஓட்டுகிறாராம். தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேரே மெசினடிக்குப் போனார். ஏறவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக் குந்தியிருந்து கீழே பார்த்தார். பிறகு கிறீஸ் கன்னை எடுத்துத் தரச் சொன்னார். கொடுத்தேன். உடனே அடிக்கவில்லை. சேர்ட் பையில் இருந்து ஒரு பழந்துணியை எடுத்து, கிறீஸ் அடிக்கிற நிப்பிளில் ஒட்டிக் கிடந்த மண்ணைச் சுற்றித் துடைத்தார். துடைத்த விரலாலேயே ஒருக்கால் தடவிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் கன்னை வைத்து, மூட்டில் இருக்கிற இரும்புப் பின்னுக்கும் அதைச் சுற்றின புஷ்ஷுக்கும் நடுவால் பழைய கிறீஸ் கறுப்பாகப் பிதுங்கி வரும் மட்டும் அடித்தார்.

“துடைக்காமல் அடிச்சா மண்ணையும் சேர்த்துத்தான் உள்ள தள்ளுவம் தங்கச்சி. பிறகு பின் தேயும்.”

யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்த இவர், “இவரை விடாதை” என்றார்.

ஓகஸ்ட் 11, ஞாயிறு

சம்பளக் கதை. இங்கே வழக்கம், ஓடினால் காசு. மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று கைக்காசு கொடுப்பார்கள். மெசின் நின்றால் ஒப்பரேட்டரும் வெறுங்கையோடு வீட்டில். கார்த்திகை, மார்கழியில் அவர்கள் எப்படி அடுப்பெரிக்கிறார்கள் என்று ஒரு முதலாளியும் கேட்பதில்லை. அதனால்தான் நல்ல கை உள்ளவர்கள் கொழும்புக்கும் கட்டாருக்கும் போய்விடுகிறார்கள். எங்கள் மண்ணைத் தெரிந்தவன் போனால் திரும்பவும் புதுசாக ஒருவன் வந்து பழக வேண்டும்.

நான் சொன்னேன்: மாதம் 60,000 அடிப்படை, பன்னிரண்டு மாதமும். ஓடுகிற மணித்தியாலத்துக்கு 250 மேலதிகம். மழைக்கும் அடிப்படை உண்டு.

இவருக்கு விருப்பமில்லை. “மூண்டு மாசம் வேலை இல்லாமல் 180,000 எங்கயிருந்து எடுக்கப் போறாய்?” கேள்வி நியாயமானது. இப்போதே ஒவ்வொரு மணித்தியாலத்திலிருந்தும் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைப்பேன் என்றேன். 5,500 வாடகையில் 400 மழைக்கு. பிஸ்கட் பேணி ஒன்றைத் துடைத்து, அதில் ‘மழை’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

ஓகஸ்ட் 15, வியாழன்

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் தொடங்கினோம். ஏ9 வீதியில் போகிற எந்த வாகனமும் அங்கே நிற்காமல் போவதில்லை. எங்கள் புது ஒப்பரேட்டரின் முதல் நாளும் அங்கிருந்துதான் போக வேண்டும் என்று இவர் ஒற்றைக்காலில் நின்றார். ஓட்டோவில் படுத்தபடிதான் வந்தார்.

பின்னேரம் 5.2 மணித்தியாலம் எழுதினேன்.

செப்ரெம்பர் 3, செவ்வாய்

மீட்டர்ச் சண்டை. வேலை கொடுத்த ஐயா, மீட்டர் 3.7 காட்டுது, மூன்று மணி ஏழு நிமிசம்தானே என்று நிற்கிறார். மணி மீட்டரில் புள்ளிக்குப் பிறகு வருவது நிமிசம் இல்லை, பத்தில் ஒரு பங்கு. ஒரு புள்ளிக்கு ஆறு நிமிசம். 3.7 என்றால் மூன்று மணி 42 நிமிசம். ஒப்பரேட்டர் அண்ணை வாய்ச்சண்டைக்குப் போகவில்லை. என்ஜினை ஓடவிட்டு, ஐயாவின் கையில் இருந்த மணிக்கூட்டையே பார்க்கச் சொன்னார். ஆறு நிமிசத்தில் ஒரு இலக்கம் விழுந்தது. அந்த ஆறு நிமிசத்துக்குக் காசு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். என்னைக் கேட்காமல் சொன்னதுதான். நான் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

இனி வேலை தொடங்கும்போதே மீட்டரைக் காட்டி, கொப்பியில் எழுதிக் கையெழுத்து வாங்குவது என்று வைத்துக்கொண்டோம்.

செப்ரெம்பர் 12, வியாழன்

தொழில் அலுவலகம் போய்ப் பதிந்துவிட்டேன். ஊழியர் சேமலாப நிதிக்கு அவருடைய சம்பளத்தில் 8 வீதம், எங்கள் பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம், அது முழுக்க எங்கள் கையால். 60,000க்குக் கணக்குப் பார்த்தால் எங்களுக்கு மாதம் 9,000 கூடுகிறது. ஒரு ஆளுக்கும் இது வேணுமோ என்று கேட்டவர்கள் நிறையப் பேர். ஒருவர் என்றாலும் சட்டம் சட்டம்தான்.

அண்ணையிடம் பழைய அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டேன். “அப்பிடி ஒண்டும் இல்லைத் தங்கச்சி” என்றார். இருபது வருசத்துக்கு மேல். எத்தனை மெசின், எத்தனை முதலாளி. றோட்டு, குளக்கட்டு, பள்ளிக்கூட அத்திவாரம், எல்லாம் அவர் வெட்டியது. ஒரு சதமும் ஒருவரும் போட்டு வைக்கவில்லை. வீடு வரும்வரைக்கும் அதே நினைப்புத்தான்.

செப்ரெம்பர் 24, செவ்வாய்

காலமை 10 மணிக்குப் போன் வந்தது. “தங்கச்சி, மெசினை நிப்பாட்டிப் போட்டன். உங்களுக்குச் சொல்லத்தான் எடுத்தனான்.”

குழாய்க்கு அகழி வெட்டிய இடம். இரண்டடி ஆழத்தில் பக்கெட் பல் ஒன்றில் ஏதோ உரசிய சத்தம். கல்லின் சத்தமும் இரும்பின் சத்தமும் வேறு, அது அவருக்குத் தெரியும். பக்கெட்டை இழுக்கவுமில்லை, தூக்கவுமில்லை. அந்தப்படியே என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி, வந்த தடத்திலேயே நடந்து வெளியே வந்து, வீட்டுச் சனத்தையும் பக்கத்து வளவில் விளையாடின பிள்ளைகளையும் றோட்டுக்கு அனுப்பியிருக்கிறார். நான் போய்ச் சேரும்போது எல்லோரும் வேப்பமரத்தடியில். தூரத்தில் இருந்து பார்த்தேன். மண்ணுக்குள் ஒரு பக்கம் மட்டும் வெளியே தெரிந்த துருப்பிடித்த செல் குண்டு. சுற்றிவரச் சிவப்பு மண். பக்கெட்டின் பல்லுக்கும் அதற்கும் இடையில் ஒரு சாண்.

பொலிசுக்குச் சொல்லி, அவர்கள் நீதிமன்றத்தில் அனுமதி எடுத்து, செயலிழக்கச் செய்கிறவர்கள் வந்து முடியும் மட்டும் மெசினை எடுக்க முடியாது. குறைந்தது இரண்டு நாள் போகும். வேலை கொடுத்தவர் கோபத்தில் நின்றார். நான் அண்ணையின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பீடி பற்றவைக்க முடியாமல் நடுங்கிக்கொண்டிருந்தது.

போர் முடிந்து பதினைந்து வருசம். பக்கெட் வைக்கிற ஒவ்வொரு இடத்திலும் இந்தப் பயம் எங்களுக்கு இருக்கிறது. நிற்கிற நாட்களுக்கு மேலதிகம் கணக்கில் வராது என்று அண்ணை தானே சொன்னார். நாளுக்கு ஐந்து மணித்தியாலம் என்று போட்டு எழுதிவிட்டேன். நிறுத்தினதற்குக் காசு குறைந்தால், அடுத்த முறை நிறுத்த எந்த ஒப்பரேட்டருக்கும் ஒரு கணம் தயக்கம் வரும். அந்தத் தயக்கம் எங்கள் மெசினில் வரக் கூடாது.

ஒக்ரோபர் 1, செவ்வாய்

நேற்று இரவோடு தீசல் 24 ரூபா குறைந்து 283. 2022 இல் 460 கொடுத்தும் கிடைக்காமல் வரிசையில் கிடந்ததை நினைத்தால் இது பெரிய மூச்சு. மெசின் மணித்தியாலத்துக்கு ஐந்து லீற்றர் குடிக்கிறது. மழைப் பேணியில் இனி 400 இல்லை, 500.

உதவிக்கு ஒரு தம்பியையும் எடுத்திருக்கிறோம். 21 வயசு. அறிவியல் நகரில் இருக்கிற இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனத்தில் வாகனத் திருத்தல் படித்தவன். 35,000. மிக்சர்களின் பொறுப்பு அவனுக்கு. பெக்கோ பின்னுக்கு எடுக்கும்போது ஆட்கள் நிற்கிறார்களா என்று பார்ப்பதும் அவன்தான்.

ஒக்ரோபர் 19, சனி

ஒரு ஒப்பந்தகாரர் 62 மணித்தியாலக் காசு தர வேண்டும். மூன்று தரம் போய்விட்டேன். “பில் பாஸாகேல்லை அக்கா.” அவருடைய பில் பாஸாகும் மட்டும் என்னுடைய இரண்டு பேரும் சாப்பிடாமல் இருக்க முடியுமா? இனி பெரிய வேலைக்கு அரைவாசி முற்பணம் இல்லாமல் மெசின் வளவை விட்டு இறங்காது. இதை எழுதி அச்சடித்துக் கொப்பியின் முன்னட்டையில் ஒட்டிவிட்டேன்.

நவம்பர் 10, ஞாயிறு

மழை பிடித்துவிட்டது. கடைசி வேலை 2 ஆம் திகதி. வயலெல்லாம் பச்சை. மெசின் தறப்பாளுக்குக் கீழே.

அண்ணை நாளும் காலமை எட்டு மணிக்கு வருகிறார். வேலை இல்லையே, வீட்டில் நில்லுங்கோ என்றேன். “சம்பளம் தாறியள், பிறகு ஏன் நிப்பான்?” தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பக்கெட் பின்களைக் கழற்றிப் புஷ் மாற்றுகிறார். தேய்ந்த பின்னைத் தம்பியின் கையில் கொடுத்து நகத்தால் தடவச் சொன்னார். ஒரு பக்கம் படி விழுந்து கிடந்தது. “இதுதான் துடைக்காத கிறீஸ்.” தம்பி அதை எறியாமல் கழுவி வைத்திருக்கிறான்.

கொழும்பில் இருந்து அவருக்கு அழைப்பு வந்ததாம், மாதம் ஒரு இலட்சத்துக்கு மேல். அவராகச் சொல்லவில்லை. அவருடைய மனிசி போனில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை. கேட்டால் நில்லுங்கோ என்று கெஞ்சுவது போலாகும். அவருக்கும் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நவம்பர் 28, வியாழன்

மூன்று நாளாக அடைமழையும் காற்றும். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம். ஏ.எல். பரீட்சையையே நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஒழுங்கையில் முழங்கால் தண்ணி. நேற்று இரவு கிராம அலுவலர் வந்து மதகு அடைத்துவிட்டது, மெசின் வேணும் என்றார். அண்ணைக்கு வர வழியில்லை, பாதை மூடி. இவர் எழும்பினார். நான் விடவில்லை. சண்டை பிடித்துத்தான் நிறுத்தினேன். கடைசியில் ஊர்ப் பொடியள் மண்வெட்டியோடு இறங்கி நான்கு மணித்தியாலம் வெட்டினார்கள், எங்கள் தம்பியும் அவர்களோடு. பெக்கோ பார்த்துக்கொண்டு நின்றது.

ஓட்டத் தெரிந்த கை ஒன்று மட்டும் போதாது. தம்பிக்கு லைசென்ஸ் எடுக்கும் செலவை நாங்களே கட்டப் போகிறோம். இவரும் ஒத்துக்கொண்டார்.

டிசம்பர் 10, செவ்வாய்

சம்பள நாள். பேணியை எண்ணினேன். ஓகஸ்ட் நடுவில் இருந்து ஓடினது 247 மணித்தியாலம். இருந்திருக்க வேண்டியது ஒரு இலட்சத்துக்கும் மேல். ஆனால் அந்த 62 மணித்தியாலக் காசு வரவேயில்லை, நவம்பர்ச் சம்பளத்துக்கு ஒரு பகுதி போனது, புஷ்ஷுக்குக் கொஞ்சம். பேணிக்குள் 41,500. என்னுடைய காப்பு இரண்டையும் வங்கியில் அடகு வைத்தேன். இவருக்குச் சொல்லித்தான் செய்தேன். ஒன்றும் பேசாமல் ஓட்டோவைக் கூப்பிட்டுத் தந்தார்.

பின்னேரம் அண்ணையும் மனிசியும் வந்தார்கள். அவரைச் சம்பளக் கொப்பியில் கையெழுத்து வைக்கச் சொல்லிவிட்டு, சேமலாப நிதி கட்டின பற்றுச்சீட்டின் பிரதியையும் கொடுத்தேன். மனிசிதான் முதலில் வாங்கிப் பார்த்தா. பெயரைக் காட்டச் சொன்னா. காட்டினேன். இலக்கத்தை விரலால் தொட்டு வாசித்தா, இரண்டாம் தரமும் வாசித்தா.

“இது இவற்ற பேரிலதானே கிடக்கு? நீங்கள் மெசினை வித்தாலும்?”

“ஓம் அக்கா. மத்திய வங்கியில கிடக்கு. இவர் நாளைக்குக் கொழும்புக்குப் போனாலும் இவற்றதான்.”

கொழும்பு என்று சொன்னதும் அண்ணை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கடதாசியை நாலாக மடித்து, பொலித்தீன் பைக்குள் வைத்து, லைசென்ஸ் இருக்கிற சேர்ட் பையில் போட்டார்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள மழை விட்டால் பாண்டியன்குளம் பக்கம் ஒரு மதகு வேலை இருக்காம்,” என்றார். “கேட்டுச் சொல்லட்டோ?”

அரைவாசி முற்பணம் என்று சொல்லச் சொன்னேன்.