கோஸ்ட் வேர்ல்ட்: இரண்டு தோழிகளும் ஓர் இஸ்திரிப் பலகையும்

பள்ளிக்கால நட்பு முறிவதைச் சொல்ல வந்த படங்கள் பெரும்பாலும் ஒரு துரோகத்தையோ இருவருக்கும் பொதுவான ஒரு காதலையோ காரணமாக்கிக் கொள்கின்றன. 2001ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கோஸ்ட் வேர்ல்ட்’ என்ற அமெரிக்க நகைச்சுவைப் படத்தில் காரணம் மிகச் சிறியது: தோழிகள் இருவரில் ஒருத்திக்குச் சாதாரண வாழ்க்கை பிடித்துப்போகிறது, மற்றவளுக்குப் பிடிக்கவில்லை. டேனியல் கிளவ்ஸ் தொடராக வெளியிட்ட சித்திரக்கதையைத் தழுவி, அதுவரை ஆவணப்படங்கள் எடுத்துவந்த டெர்ரி ஸ்விகாஃப் இதை இயக்கினார். இருவரும் சேர்ந்து எழுதிய திரைக்கதை ஆஸ்கர் பரிந்துரை வரை சென்றது.

படம் தொடங்குவது ஒரு இந்திப் பாடலில் என்பது நம்மவர்களுக்குக் கூடுதல் மகிழ்ச்சி. 1965இல் வந்த ‘கும்நாம்’ படத்தில் முகமது ரஃபி பாடிய ‘ஜான் பெஹ்சான் ஹோ’ தொலைக்காட்சியில் ஓடுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பின் சன்னல்கள் ஒவ்வொன்றிலும் களையிழந்த மனிதர்களைக் காட்டியபடி நகரும் கேமரா, பள்ளி நிறைவு விழாவுக்கான அங்கியோடு தனியாக ஆடிக்கொண்டிருக்கும் ஈனிட் என்ற பெண்ணிடம் வந்து நிற்கிறது. தன்னைச் சுற்றி இருக்கும் எதுவும் தனக்கானது இல்லை என்று நினைக்கும் ஒருத்தி, எங்கோ தொலைவில் எப்போதோ படமாக்கப்பட்ட ஒரு நடனத்தில் தன்னை மறந்திருக்கிறாள். அவளுடைய அந்நியத்தன்மையை வசனத்தால் விளக்க வேண்டிய தேவையே அதன்பின் எழுவதில்லை.

ஈனிடாகத் தோரா பர்ச்சும், அவள் தோழி ரெபெக்காவாக ஸ்கார்லெட் ஜோஹான்சனும் நடித்திருக்கிறார்கள். இருவரையும் பிணைத்திருப்பது கேலி. உடன் படித்தவர்கள், உணவகத்துக்கு வருகிறவர்கள், வழித்தடம் ரத்தான பிறகும் அதே நிறுத்தத்தில் பேருந்துக்காக நாள்தோறும் காத்திருக்கும் நார்மன் என்ற முதியவர் என்று எவரும் அவர்கள் கண்ணுக்குத் தப்புவதில்லை. பதின்வயதில் ஒரே ஆளைப் பார்த்து ஒரே நொடியில் சிரிக்கக்கூடிய ஒரு தோழமை கிடைப்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது, அந்த வயதைத் தனிமையில் கடந்தவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனால் கேலி செய்யப் பிறர் வேண்டும். தோழியே அந்தப் பிறரில் ஒருத்தியாக மாறிவிட்டால் என்ன செய்வது என்ற இடத்தில்தான் இந்தப் படம் தன் கதையைக் கண்டெடுக்கிறது.

பள்ளி முடிந்ததும் இருவரும் ஒன்றாக வீடெடுத்துத் தங்குவது என்பது நெடுநாளைய திட்டம். ரெபெக்கா ஒரு காப்பிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து வாடகைக்குப் பணம் சேர்க்கிறாள். ஈனிடோ திரையரங்கில் கிடைத்த வேலையை முதல் நாளிலேயே இழக்கிறாள். பிறகு, பார்த்துவைத்த வீட்டில், சுவரிலிருந்து மடித்து இறக்கும் இஸ்திரிப் பலகையை ரெபெக்கா ஆசையோடு காட்டும் காட்சி வருகிறது. படத்திலேயே மிகவும் வேதனையான கணம் இதுதான் என்பேன். ஒரு பலகையைப் பார்த்து உண்மையாகவே மகிழ முடிகிற ஒருத்தியும், அந்த மகிழ்ச்சியைப் பங்கிட்டுக்கொள்ளத் தெரியாத ஒருத்தியும் ஒரே அறையில் நிற்கிறார்கள். இருவர் மீதும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

இடையில் ஸீமோர் வருகிறார். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டுகளைச் சேகரிக்கும் இந்த நடுவயது மனிதராக ஸ்டீவ் புஷெமி நடித்திருக்கிறார். எங்கோ ஒருமுறை பார்த்த பெண்ணைத் தேடி அவர் கொடுத்த விளம்பரத்துக்கு, தோழிகள் அந்தப் பெண்ணாக நடித்துத் தொலைபேசியில் அவரை வரவழைக்கிறார்கள். வராத ஒருத்திக்காக உணவகத்தில் காத்திருக்கும் அவரைத் தொலைவிலிருந்து வேடிக்கை பார்க்கிறார்கள். அதுவரை ஈனிடோடு சேர்ந்து சிரித்துவந்த நமக்கு அங்கே சிரிப்பு வருவதில்லை. ஈனிடுக்கும் அப்படித்தான் ஆகிறது. அவரிடம் வாங்கிவந்த தட்டில் ஸ்கிப் ஜேம்ஸ் 1931இல் பதிவுசெய்த ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசைவகை) பாடலைக் கேட்டு, முள்ளைத் தூக்கித் தூக்கி மறுபடியும் தொடக்கத்தில் வைக்கிறாள். இசையைக் கண்டெடுத்த ஒரு பெண்ணை இவ்வளவு உண்மையாகக் காட்டிய காட்சிகள் குறைவு.

ஸீமோரோடு ஏற்படும் அந்த நெருக்கம் அவளைக் காப்பாற்றுவதில்லை. அவரிடம் இருந்த, அவர் வேலைபார்க்கும் நிறுவனம் முன்பு கறுப்பினத்தவரை இழிவாகச் சித்திரித்து வெளியிட்ட பழைய விளம்பரப் பலகை ஒன்றை அவள் ஓவிய வகுப்பின் கண்காட்சிக்குக் கொண்டுபோனதால் அவர் வேலை போகிறது. நார்மனுக்கு ஒருநாள் பேருந்து வந்துவிடுவதும், பின்னர் ஈனிடும் அதே நிறுத்தத்தில் ஏறிச் செல்வதும் தற்கொலையின் குறியீடு என்று சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊரைவிட்டு எவரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட வேண்டும் என்ற ஏக்கத்தைப் படம் முழுக்கச் சுமந்தவள், ஒருவழியாகக் கிளம்புகிறாள் என்றே கொள்கிறேன்.

ரெபெக்காவைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு என்பது என் நெடுநாள் மனக்குறை. முதல் முறை பார்க்கையில் அவள் வெறுமனே சலித்துக்கொள்கிறவளாகத் தோன்றுகிறாள். தொலைபேசி விஷயத்தை ஸீமோரிடம் அவளே போட்டுடைக்கும்போது கோபம்கூட வருகிறது. இரண்டாம் முறை பார்க்கிறவர்கள் ஈனிடை விட்டுவிட்டு அவளையே பின்தொடர வேண்டும்: வேலை கேட்டு அலையும்படி தோழியிடம் அவள் எத்தனை தடவை பொறுமையாகச் சொல்கிறாள், வீடு பார்க்கும் வேலையை எப்படித் தனியாளாக இழுத்துக்கொண்டு போகிறாள், ஈனிடின் ஒவ்வொரு சாக்குக்கும் அவள் முகம் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுகுகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.