மாத்தினா நல்லது

"மாத்தினா நல்லதுண்ணே." போனில் வண்டி ஓனரிடம் நான் சொன்னது இவ்வளவுதான். டிரைவர் தம்பி பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வண்டி வந்தது கிராங்க் ஆயில் சீல் கசிவுக்கு. கவரைக் கழற்றினால், பிஸ்டன் சுற்றிவிடும் கிராங்க்கின் சுழற்சியை வால்வைத் திறக்கும் கேமுக்குக் கொண்டுபோகும் டைமிங் பெல்ட்டின் ஓரம் நூல் நூலாகப் பிரிந்து நின்றது. மடக்கிப் பார்த்தேன். பல்லுக்குப் பல் அடியில் மயிரிழை வெடிப்பு. எண்ணெயில் ஊறிய ரப்பர், தொட்ட விரலில் மையாக ஒட்டியது. அந்த சீலை மாற்ற பெல்ட்டைக் கழற்றியே ஆக வேண்டும். கழற்றியாயிற்று, கூலியும் அதிலேயே அடங்கிவிட்டது. புது பெல்ட், அதை இழுத்துப் பிடித்து ஓட்டும் டென்ஷனர், ஐட்லர் உருளைகள் மட்டும் வாங்கினால் போதும். ஆனால் அது மதுரையிலிருந்து வர ஒரு நாள் ஆகும். கார்த்திகை மாதம். அன்றிரவே சபரிமலை வாடகை.

"இப்பவே மாத்தியாகணுமா தம்பி? கிலோமீட்டர் இன்னும் 20,000 பாக்கி இருக்கே. சீசன் முடியட்டுமே?"

அதற்குத்தான் அந்தப் பதில். வைப்பர் பிளேடுக்கும் அதையேதான் சொல்வோம், ஏர் ஃபில்டருக்கும் அதையேதான். "அப்ப தையில பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

கழற்றிய பெல்ட்டைத் திரும்பப் போடாதே என்று எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் சொல்லியிருக்கிறார். போட்டேன். அதுவும் முறையாகப் போட்டேன். கிராங்க், கேம் இரண்டுக்கும் மார்க் சேர்த்து, ஸ்பேனர் போட்டு கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, மார்க் மறுபடி வந்து நிற்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். செத்த பெல்ட்டுக்கு அத்தனை பக்குவம் எதற்கு என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

பத்தொன்பதாம் நாள், லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி மலை ஏறும்போது அறுந்தது. டீசல் இன்ஜினில் பிஸ்டன், வால்வுகள் இருக்கும் மேல்மூடியான ஹெட்டை ஒட்டி மேலே வரும். பெல்ட் போனால் கேம் நின்றுவிடும். திறந்தபடி நின்ற வால்வில் பிஸ்டன் முட்டும். எட்டு வால்வு வளைந்திருந்தது. அதைவிட, இன்ஜின் நின்ற மாத்திரத்தில் ஸ்டீயரிங் இறுகி, நாலு மிதியில் பிரேக்கும் கல்லாகிவிடும். உள்ளே ஆறு சாமிகள். தம்பி ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கீழே குதித்து டயருக்குக் கல் வைத்திருக்கிறான். யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

ஹெட்டை இறக்கியதில் செலவு 60,000 தாண்டியது. ஏற்றத்தில் கியர் தெரியாமல் முறுக்கிவிட்டான் என்று ஓனர் அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். முறுக்கியதால் அறுந்த பெல்ட் இல்லை அது. எனக்குத் தெரியும்.

அவன் பட்டறைக்கு வந்தான். உட்காரவில்லை.

"அண்ணே, அறுந்துரும்னு ஓனர்ட்ட நீங்க சொன்னீங்கல்ல?"

"மாத்தச் சொன்னேன் தம்பி."

"அறுந்துரும்னு சொன்னீங்களா?"

பொய் சொல்லவில்லை என்பதை இன்றைக்கும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். வண்டி அவருடையது, காசும் அவருடையது. சொல்வதுதான் என் வேலை. அதற்கு முந்தின வருஷம்தான் ஒருவர், தேவையில்லாத சாமானைத் தலையில் கட்டுகிறேன் என்று நாலு பேர் முன்னால் கத்திவிட்டுப் போனார். அந்தக் கூச்சம் இருந்தது. ஆனால் ஓனரிடம் கூச்சப்பட்டேனே தவிர, அந்த மலையில் ஸ்டீயரிங்கைப் பிடிக்கப்போகிறவன் பக்கத்திலேயே நின்றான், அவனிடமாவது ஒரு வார்த்தை தெளிவாகச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் மட்டும் வாடகைக்குப் போகாமல் இருந்திருப்பானா? தெரியவில்லை. பிறகு ஓனருக்குப் போன் செய்து டிரைவர் மேல் தப்பில்லை என்றேன். "நல்லதுன்னுதானே தம்பி சொன்னீங்க, கட்டாயம்னு சொல்லலையே" என்றார். அவர் சொன்னதும் சரிதான்.

இப்போது அப்படிச் சொல்வதில்லை. "இதோட வெளிய விடமாட்டேன்" என்கிறேன். போன வருஷம் ஒருவர் கோபித்துக்கொண்டு வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார். ஆறு மாதம் ஓட்டிவிட்டு அவரே திரும்பி வந்தார், அதே பெல்ட்டோடு. மாற்றிக் கொடுத்தேன். ராத்திரி பட்டறையைப் பூட்டும் முன்னால் அந்தப் பழைய பெல்ட்டை விளக்கடியில் வைத்து, பல் பல்லாக மடக்கிப் பார்த்தேன். அன்றைக்கு நான் பார்த்ததாகச் சொன்ன வெடிப்பு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இழுவையைத் தாங்கும் கண்ணாடி இழை உள்ளே எந்த நிலையில் இருந்ததோ.