பல்லின் தோல்

‘பை த ஸ்கின் ஆஃப் மை டீத்’ (பல்லின் தோலளவில் தப்பினேன்) என்று கோலாலம்பூர் அலுவலகத்தில் இளைஞர்கள் அடிக்கடி சொல்கிறார்கள். கதவு மூடும் நேரத்தில் எல்.ஆர்.டி. ரயிலைப் பிடித்தால்கூட அதுதான். என்னால் அதை அப்படிச் சொல்ல முடிவதில்லை.

1988 ஜூலை 31, ஞாயிற்றுக்கிழமை. புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவிலிருந்து திரும்பியவர்களும், பினாங்குத் தீவில் சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் யின் விழாவுக்குப் புறப்பட்டவர்களும் பட்டர்வொர்த் ஃபெரி (பயணப் படகு) முனையத்தில் ஒன்றாகத் திரண்டிருந்தார்கள். மேல்தளம் இடிந்து விழுந்தது. 32 பேர் மாண்டார்கள். பினாங்குப் பாலம் 1985-லேயே திறக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் கார் இல்லாத வீடுகளுக்கு ஃபெரிதான் வழி.

நம் பள்ளி ஆங்கில ஆசிரியரும் அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தார். தம் அம்மாவுக்குத் தலைசுற்றவே, காற்றாட வெளியே அழைத்து வந்திருக்கிறார். சற்று நேரத்தில் முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம்.

அடுத்த முறை வகுப்புக்கு வந்தபோது, வழக்கமாக மடித்துவிடும் சட்டைக் கைகளை மணிக்கட்டுவரை இறக்கிப் பொத்தான் போட்டிருந்தார். கடைசி வரிசையிலிருந்து ஒருவன், “சார், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று!” என்றான். அன்பில் சொன்னதுதான். சார் கோபப்படவில்லை. திரும்பி, கரும்பலகையில் அந்த ஆங்கிலத் தொடரை எழுதினார். பாதியில் சுண்ணக்கட்டி உடைந்தது. கையில் மிஞ்சிய துண்டாலேயே முடித்தார்.

பல்லுக்கு ஏது தோல் என்று கேட்டோம். பையிலிருந்து வேதாகமத்தை எடுத்தார். யோபு, 19-ஆம் அதிகாரம், 20-ஆம் வசனம். 1560-இல் வந்த ஜெனீவா ஆங்கில வேதாகமத்திலேயே ‘பல்லின் தோலோடு தப்பினேன்’ என்று இருக்கிறதாம். தமிழிலோ, பல்லை மூடும் தோல் மட்டும் மிஞ்சியது என்ற பொருளில் வருகிறது.

“மயிரிழையில் தப்பினேன் என்று நாம் சொல்வதும் இதுவும் ஒன்றுதானே, சார்?” என்று கேட்டேன்.

“அளவு ஒன்றுதான். ஆனால் இதைச் சொன்னவன் யார்? ஏழு மகன்களையும் மூன்று மகள்களையும் பறிகொடுத்தவன். தப்பினேன் என்று அவன் மகிழவில்லை, அய்யா. மிஞ்சியது இவ்வளவுதான் என்று காட்டுகிறான்.”

பிறகு வெகுநேரம் ஜன்னலைப் பார்த்தபடி நின்றார். பாடம் நடக்கவில்லை. யாரும் சத்தம் போடவுமில்லை.

சார் இப்போது இல்லை. அன்று கடைசி வரிசையிலிருந்து பேசியவன் மெல்பர்னில் இருக்கிறான். சென்ற மாதம் தொலைபேசியில், “அந்த வகுப்பைப் பற்றி பள்ளி மலருக்கு நீ எழுது, எனக்கு எழுத வராது” என்றான். அவனுக்குக் குரல் கம்மியது.