கொட்டியாரக் குடாவும் தடித்த அறிக்கையும்

இலங்கையின் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988இல் வந்த திருத்தத்தின்படி, பெருந்திட்டமொன்றின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் படித்துக் கருத்துச் சொல்லப் பொதுமக்களுக்கு 30 நாட்கள் தரப்படுகின்றன. சில ஆண்டுகளுக்கு முன் அப்படியோர் அறிக்கையைப் பார்க்க நான் அலுவலகமொன்றுக்குப் போனபோது, ஒரே பிரதிதான் மேசையில் இருந்தது. அதற்கு முன்னே அமர்ந்திருந்த கரைவலைச் சம்மாட்டி (வலையின் சொந்தக்காரர்) ஒருவர் வரைபடத்தை மட்டும் விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

திருகோணமலையின் கொட்டியாரக் குடாக் கரையிலுள்ள சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி அனல்மின் நிலையம் திட்டமிடப்பட்டபோது இங்கு எழுந்த முதன்மையான கேள்வி கடல்நீரைப் பற்றியது. குளிரூட்டலுக்கு உறிஞ்சப்படும் நீர் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் சேர்த்தே இழுக்கும். சூடேறித் திரும்பும் நீரில் கரையும் ஒட்சிசன் குறையும். மகாவலி வந்து கலக்கும் கொட்டியாரக் குடாவிலோ உவர்த்தன்மை வாடைக்கால மழையோடு மாறுவதால், ஒரு பருவத்தில் மட்டும் எடுத்த அளவீடு ஆண்டு முழுவதற்கும் பொருந்தாது. (சம்மாட்டியைக் கேட்டிருந்தால் இதை இலவசமாகவே சொல்லியிருப்பார்.) அத்திட்டம் 2016இல் கைவிடப்பட்டது.

என் பார்வையில், மதிப்பீட்டைவிடப் பலவீனமானது அதற்குப் பின்வரும் சுற்றாடல் கணக்காய்வே. அனுமதியோடு விதிக்கப்படும் நிபந்தனைகளை அளந்து பார்ப்பவர், பெரும்பாலும், திட்ட உரிமையாளரிடமே சம்பளம் பெறும் ஆலோசகராக இருக்கிறார்.